பொருளாதாரம் நடத்த இயற்பியல்காரர்களிடம் கற்றுக்கொண்டது

பொருளாதாரப் பாடத்தை எப்படி நடத்துவது என்று எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் இயற்பியல் ஆசிரியர்கள்தான். எங்கள் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சந்தை எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த அளவுக்கு நம் வகுப்பறை எப்படி இயங்குகிறது என்று நாம் ஆராயவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பெக்கர், மைக்கேல் வாட்ஸ் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1995 இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் முன்னால் நின்றது சாக்பீஸும் விரிவுரையும்தான். நம் ஊரில் யாரும் கணக்கெடுத்தால் அதோடு நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் நடத்துகிறேன். தமிழ் வழி. வகுப்பில் அறுபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. இந்தச் சட்டகத்துக்குள் என்ன செய்ய முடிந்தது, எது எடுபடவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

இயற்பியலில் இந்தத் தேடல் தொடங்கிய இடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டீன்ஸும் 1985 இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். விசை, இயக்கம் பற்றி மாணவர்கள் தெருவிலிருந்து கொண்டுவரும் எண்ணங்கள், ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தியும் பெரிதாக அசைவதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். லாரியும் காரும் மோதிக்கொண்டால் லாரிதான் காரின்மீது அதிக விசை செலுத்தும் என்று நம்பிக்கொண்டே தேர்ச்சியும் பெற்றுவிடுவார்கள். இதைச் சோதிக்கவே ஒரு வினாத்தொகுப்பு 1992 இல் வெளிவந்தது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தன் மாணவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்று நினைத்து இந்த வகைக் கேள்விகளைக் கொடுத்தார். ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. என் மாணவர்கள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். வாய்ப்புச் செலவு என்றால் கைவிடப்பட்ட அடுத்த சிறந்த மாற்றின் மதிப்பு என்று அடிபிறழாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். வெளியே வந்து, மகளிர் இலவசப் பேருந்தில் போவதற்கு என்ன செலவு என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார், ஃப்ரீதானே" என்பார்கள். தேர்வுக்கு ஒரு பொருளாதாரம், தெருவுக்கு ஒரு பொருளாதாரம்.

மசூர் கண்டுபிடித்த வழி எளிமையானது. பாடத்தின் நடுவில் ஒரு கேள்வி. நான்கு விடைகள். ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். அப்புறம் பக்கத்தில் வேறு விடை வைத்திருப்பவரோடு வாதாட வேண்டும். மீண்டும் ஒருமுறை விடை. கடைசியில்தான் ஆசிரியர் வாயைத் திறக்கலாம். இது வெறும் கலகலப்புக்காகச் செய்வதல்ல. ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி 1998 இல் வெளியிட்டார். தொடக்கத்தில் மாணவருக்குத் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றுக்கொண்டார் என்பதுதான் அவர் அளவு. விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்களைப் பேச, செய்ய வைத்த வகுப்புகளில் 0.48. ஏறத்தாழ இரு மடங்கு. இந்த இயற்பியல் ஆய்வுகளைப் பொருளாதார ஆசிரியர்களுக்கு எடுத்துச்சொன்னவர்களில் மார்க் மேயர், ஸ்காட் சிம்கின்ஸ் இருவரும் முக்கியமானவர்கள். நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான்.

ஹார்வர்டில் விடையை அழுத்திக் காட்ட மின்னணுக் கருவி உண்டு. எங்களுக்கு நான்கு நிற அட்டைகள் போதும். அ, ஆ, இ, ஈ. பழைய திருமணப் பத்திரிகைகளை வெட்டி மாணவர்களே செய்துகொண்டார்கள். ஒரே ஒரு விதி: நான் "காட்டுங்க" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும், தலைக்கு மேல் தூக்கக் கூடாது. மேலே தூக்கினால் முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பெண் காட்டிய நிறத்தையே மொத்த வகுப்பும் காட்டும். பிளிக்கர்ஸ் என்ற செயலி இருந்தால் இன்னும் வசதி. அச்சிட்ட அட்டைகளை ஆசிரியரின் ஒரே போன் படித்துக் கணக்குப் போட்டுவிடும். மாணவர்களிடம் போன் தேவையில்லை. வகுப்பில் போன் எடுக்கவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அட்டையைவிடக் கேள்விதான் கஷ்டம். முதல் முறையிலேயே பத்தில் ஒன்பது பேர் சரியாகக் காட்டினால் அந்தக் கேள்வி வீண். பத்தில் ஒருவர்தான் சரி என்றால் பேசவிட்டும் பயனில்லை, தவறையே ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை சரியாகச் சொல்லும் கேள்விதான் வாதத்துக்கு உகந்தது. பேருந்துக் கேள்வியை இப்படி அமைத்தேன்:

இலவசப் பேருந்துக்காக அரை மணி நேரம் காத்திருக்கிறீர்கள். உடனே ஷேர் ஆட்டோவில் போயிருந்தால் 20 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் மிச்சமாகும் அரை மணியில் கடையில் 40 ரூபாய் சம்பாதித்திருக்கலாம். மற்றபடி இரண்டு பயணமும் ஒன்றுதான். பேருந்தில் போனதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 20, 40, 60.

பெண்கள் பெஞ்சில் காதில் விழுந்தது இது.

"பஸ் ஃப்ரீ. அப்புறம் என்னடி செலவு?"

"அரை மணி நேரம் நிக்கிறியே, அந்த நாப்பது ரூபா?"

"நாப்பதும் கைக்கு வந்துடுமா? ஆட்டோக்காரருக்கு இருபது யாரு குடுப்பா?"

மூன்றாவதாகப் பேசியவர் சொன்னதுதான் விடை: 20. ஆட்டோவில் போயிருந்தால் கையில் நிகரமாக நின்றிருக்கக்கூடியது அவ்வளவுதான். இதை நான் பலகையில் எழுதி விளக்கினால் ஒரு நிமிடம். அவர் சொன்னபோது எடுத்த நேரம் அதைவிட அதிகம். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டபோதும் அந்த பெஞ்சு முழுவதும் விளக்கம் சொன்னது.

இந்தக் கேள்வியின் எலும்புக்கூடு என்னுடையதல்ல. பால் ஃபெராரோவும் லாரா டெய்லரும் 2005 இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த 199 பொருளாதார அறிஞர்களிடம் இதே கணக்கை ஓர் இசைநிகழ்ச்சி டிக்கெட்டை வைத்துக் கேட்டார்கள். சரியான விடையைச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். நான்கு விடை, கண்ணை மூடிக் குறித்திருந்தாலே 25 வந்திருக்கும். என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் முகத்தில் ஒரு தெம்பு வரும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியின் அமைப்பே தெளிவில்லை, வாய்ப்புச் செலவைப் பல விதமாகக் கணக்கிட இடம் இருக்கிறது என்று பிற்பாடு எதிர்வாதமும் வந்தது. எனவே கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் துறையில் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நமக்கே இரண்டு விடை தோன்றினால் மாணவரைக் குழப்பி என்ன பயன்?

நல்ல கேள்விக்கு எங்கே போவது? விடைத்தாளுக்குத்தான். இன்டர்னல் பேப்பர் திருத்தும்போது ஒரே தவறு பல தாள்களில் வந்தால் அதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். அந்தத் தவறுகள்தான் அடுத்த ஆண்டுக் கேள்விகளின் அ, ஆ, இ. ஹலூனும் ஹெஸ்டீன்ஸும் செய்தது அடிப்படையில் இதுதான்: தவறான விடைகளைத் தங்கள் கற்பனையிலிருந்து எடுக்காமல் மாணவர்கள் வாயிலிருந்து எடுத்தார்கள்.

அப்படிக் கிடைத்த பெரிய தவறு, எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டின் மேல் நகர்வதும் கோடே இடம்பெயர்வதும் ஒன்று என்று நினைப்பது. விலை ஏறியது, அதனால் தேவை குறைந்தது, அதனால் விலை இறங்கியது, அதனால் தேவை ஏறியது என்று சுற்றிச்சுற்றி எழுதுவார்கள். இதற்கு நான் மல்லிகையை எடுத்துக்கொண்டேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனாலும் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்தப் பருவத்தில் மல்லி விலை எகிறும். ஏன்?

இங்கேதான் இயற்பியல் வகுப்புக்கும் நம் வகுப்புக்கும் உள்ள முதல் வித்தியாசம் தெரிந்தது. இயற்பியலில் மாணவர் வெளியிலிருந்து கொண்டுவரும் எண்ணத்தைப் பெரும்பாலும் தடையாகவே பார்க்கிறார்கள். பொருளாதாரத்தில் அது பல நேரம் பாடப்புத்தகத்தைவிடக் கூர்மையானது. வீட்டில் பூந்தோட்டம் உள்ள ஒரு பையன், பனியில் மொட்டு பிடிக்காது, பத்துக் கிலோ எடுக்கிற தோட்டத்தில் ஒரு கிலோவுக்கே திண்டாட்டம் என்றான். அவனுக்கு அளிப்புக் கோடு இடது பக்கம் போனது, அதாவது எந்த விலைக்கும் சந்தைக்கு வரும் பூ குறைந்துபோனது, தெரியும். அதற்கு அந்தப் பெயர் என்பது மட்டும் தெரியாது. அப்புறம் தை பிறந்தால்? முகூர்த்தம் தொடங்கும், பனி இன்னும் முழுதாக விலகியிருக்காது. இரண்டு கோடும் நகரும். விலை ஏறும் என்று உறுதியாகச் சொல்லலாம், விற்கும் அளவு கூடுமா குறையுமா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மாணவர்களே சொல்ல வைத்ததற்கு ஒரு முழு வகுப்பு போனது. போகட்டும்.

இனி ஆய்வகம். இயற்பியல்காரர்களிடம் நான் எடுத்ததிலேயே மதிப்பு மிகுந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேத்தரின் கிரவுச், மசூர் முதலியோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: வகுப்பில் ஆசிரியர் ஒரு செய்முறையைச் செய்துகாட்டுகிறார். அதைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும் பார்க்கவே பார்க்காத மாணவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் புரிந்தது. சொன்னதைப் பற்றிப் பேசவும் விட்டால் இன்னும் நன்றாகப் புரிந்தது. வாய்விட்டுச் சொன்ன கணிப்பு பொய்த்துப் போகும்போதுதான் ஆள் நிமிர்ந்து உட்காருகிறார்.

சரி, பொருளாதாரத்தில் எதைச் செய்துகாட்டுவது? சாய்தளமும் உருண்டையும் நம்மிடம் இல்லையே. ஆனால் மாணவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களை வாங்குபவர், விற்பவர் என்று பிரித்து அட்டை கொடுத்து வகுப்பிலேயே சந்தை நடத்தி 1948 இல் கட்டுரையாக எழுதினார். விலை பாடப்புத்தகம் சொன்ன சமநிலைக்கு, அதாவது வாங்க நினைக்கும் அளவும் விற்க நினைக்கும் அளவும் ஒன்றாகும் இடத்துக்கு, ஒழுங்காக வரவில்லை. அந்த வகுப்பில் இருந்த வெர்னன் ஸ்மித், பின்னாளில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது இரண்டு மாற்றங்கள் செய்தார்: மூலைக்கு மூலை ரகசியமாகப் பேரம் பேசாமல் எல்லோர் காதிலும் விழும்படி விலை கூவ வேண்டும்; அதே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். விலை சமநிலையை நெருங்கியது. 1962 இல் அதை வெளியிட்டார். 2002 இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

என் சந்தையில் ஓர் அட்டை என்பது நூறு கிராம் மல்லி. வாங்குபவர் அட்டைகளில் 100, 90, 80, 70, 60, 50, 40, 30. விற்பவர் அட்டைகளில் 20, 30, 40, 50, 60, 70, 80, 90. வாங்குபவருக்கு அந்த எண் உச்சவரம்பு. விற்பவருக்கு அடக்க விலை. எண்ணை யாரிடமும் காட்டக் கூடாது. பேரம் படிந்த விலைக்கும் அட்டை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் லாபம். ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு வியாபாரம்தான். வகுப்பு பெரிதென்றால் ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு மூன்று அட்டைகள் போடலாம், சமநிலை விலை மாறாது. மிச்சமிருப்பவர்களில் ஒருவர் பலகையில் விலை எழுத, ஒருவர் நேரம் பார்க்க, மற்றவர்கள் நோட்டில் குறிக்க. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம் தாராளம்.

முதல் சுற்றில் விலை கன்னாபின்னாவென்று இருக்கும். 45 க்கும் போகும், 80 க்கும் போகும். ஏமாந்தவர்கள் அடுத்த சுற்றில் உஷாராகிவிடுவார்கள். மூன்றாவது சுற்றுக்குள் விலைகள் 60 ஐச் சுற்றியே வரும். அப்போது நிறுத்தி, வாங்குபவர்களை அட்டை எண் இறங்குமுகமாகவும் விற்பவர்களை ஏறுமுகமாகவும் எதிரெதிரே வரிசையில் நிற்கச் சொல்வேன். 100 க்கு எதிரே 20, 90 க்கு எதிரே 30 என்று போய், ஐந்தாவது ஜோடியில் 60 க்கு எதிரே 60. அடுத்த ஜோடியில் வாங்குபவரிடம் 50, விற்பவரிடம் 70. அங்கே பேரமே இல்லை. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் அந்த இரண்டு வரிசைகள்தான். பலகையில் அப்புறம் வரைந்தால் அது அவர்கள் நின்ற இடத்தின் படம். (ஐந்தாவது ஜோடிக்கு லாபம் பூஜ்யம் என்பதால் அவர்கள் சில சுற்றுகளில் சோம்பி நின்றுவிடுவார்கள். வியாபாரம் முடித்தால் ஒரு ரூபாய் கமிஷன் என்று அறிவித்தால் சரியாகிவிடும்.)

இதுவரை விளையாட்டு. பாடம் இனிமேல்தான். ஒவ்வொரு விற்பனைக்கும் விற்பவர் எனக்கு 20 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று அறிவிப்பேன். சுற்றைத் தொடங்கும் முன் அட்டை காட்ட வேண்டும்: புதிய விலை எங்கே நிற்கும்? 60, 70, 80, 90? வகுப்பில் பெரும்பாலானோர் 80. காரணமும் தயாராக இருக்கும்: "வியாபாரி கையிலிருந்தா போடுவான்? நம்ம தலையிலதான் கட்டுவான்."

சுற்று ஓடும். விலை 80 க்கு ஏறாது. 70 ஐச் சுற்றி நிற்கும், வியாபாரம் நான்காகக் குறையும். வரியில் பாதி வாங்குபவர் தலையில், பாதி விற்பவர் தலையில். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "80 சொன்ன விற்பவர்கள் ஏன் இறங்கினீர்கள்?" என்று கேட்டால், "யாரும் வாங்க வரலை சார், பக்கத்துல இவன் 72 க்குக் கூவுறான்" என்ற பதில் வரும். விலை மாறினால் வாங்குவதும் விற்பதும் எவ்வளவு மாறும் என்ற நெகிழ்ச்சிப் பாடத்தின் விதை அந்தப் பதிலில் இருக்கிறது.

அடுத்த சுற்றில் வரியை வாங்குபவர் கட்டட்டும். மறுபடி கணிப்பு. இந்த முறை "அப்போ வாங்குறவருக்குத்தான் முழு அடி" என்று நிறையப் பேர் நினைப்பார்கள். சந்தை விலை 50 ஐ நோக்கி இறங்கும். அதோடு வரி 20 சேர்ந்தால் வாங்குபவர் கையை விட்டுப் போவது 70. விற்பவர் கையில் நிற்பது 50. முந்தைய சுற்றும் அதேதான்! கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் ஜி.எஸ்.டி.யை அரசுக்குக் கட்டுபவர் யார், சுமப்பவர் யார் என்ற விவாதத்துக்கு அப்போது தனியாக அழைப்பு தேவைப்படாது.

நேரம் மிச்சமிருந்தால் வரியை எடுத்துவிட்டு, 40 ரூபாய்க்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு போடுவேன். ஏழு பேர் வாங்க நிற்பார்கள், மூன்று பேர்தான் விற்பார்கள். 100 ரூபாய் அட்டைக்காரர் வெறுங்கையோடு நிற்க, 50 அட்டைக்காரர் முண்டியடித்து வாங்கிப் போவதும் நடக்கும். பற்றாக்குறை என்றால் யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி அப்போது எழாமல் இருக்காது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தியதில் கிடைத்தது. வரையறைகள், படங்கள், பத்து மார்க் கேள்விகளின் குறிப்புகளை யூனிட் தொடங்கும் முன்பே ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுகிறேன். முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்வி போவது வழக்கம்; காலையில் பதில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்கே தடுமாறுகிறார்களோ அங்கிருந்து தொடங்குவேன். இதுவும் இயற்பியலிலிருந்து வந்ததுதான். கிரெகர் நோவாக்கும் ஈவ்லின் பேட்டர்சனும் கூட்டாளிகளும் 1990 களில் உருவாக்கிய முறை. அவர்கள் மின்னஞ்சலிலும் இணையத்திலும் செய்தார்கள், நமக்கு வாட்ஸ்அப். ரீசார்ஜ் தீர்ந்துபோனவர்களுக்காக அதே கேள்வியைப் பலகையின் ஓரத்திலும் எழுதிவைக்கிறேன்.

எல்லா யூனிட்டுக்கும் இது பொருந்தாது. தேசிய வருமானக் கணக்கீட்டில் மொத்தம், நிகரம், காரணிச் செலவு, சந்தை விலை என்ற வேறுபாடுகளை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதுதான் சுலபம். பொருளாதாரச் சிந்தனை வரலாறும் அப்படியே. ஆடம் ஸ்மித்துக்கு அட்டை காட்டி ஓட்டெடுப்பதில் ஒன்றுமில்லை. நல்ல விரிவுரைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு என்ன வழி? சந்தை நடந்த மறுநாள் வகுப்பில் பழைய வினாத்தாளிலிருந்து "சமநிலை விலை நிர்ணயத்தைப் படத்துடன் விளக்குக" என்ற கேள்வியை எடுத்து, நேற்று நடந்ததை வைத்து எழுதச் சொல்கிறேன். 100, 90, 80 என்று அட்டவணை அவர்களிடமே இருக்கிறது. புத்தக நடை வர வேண்டும் என்றால் ஜெராக்ஸிலிருந்து ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள். இந்த இணைப்பை விட்டுவிட்டால் பெற்றோர், துறைத்தலைவர், மாணவர் மூவருமே உங்களைக் கேள்வி கேட்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

மாணவர்களின் முதல் எதிர்ப்பு சத்தமில்லாதது. "சார் நடத்த மாட்டேங்குறார், எங்களையே பேசச் சொல்றார்" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். ஹார்வர்டிலும் இதே கதைதான் என்பது எனக்கு ஆறுதல். லூயி டெலோரியேவும் சகாக்களும் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே மல்லுக்கட்டிக் கற்ற இயற்பியல் மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். இதை நான் முதல் வாரமே வகுப்பில் சொல்லிவிடுகிறேன், படத்தோடு. கூடவே ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014 இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதையும்: விரிவுரை வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8. அரியர் பயம் உள்ள வகுப்பில் வேறு எந்த வாதமும் இவ்வளவு வேலை செய்வதில்லை.

ஜோடி சேர்ப்பதில் ஒரு சிறு யோசனை. நண்பனோடு நண்பன் என்று விட்டால் ஒருவர் பேச மற்றவர் தலையாட்டுவார். மூன்று பேராக, குறைந்தது இரண்டு வேறு நிறம் இருக்கும்படி விடுங்கள். கடைசியில் "உங்கள் விடை என்ன?" என்று கேட்காமல் "பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண்கள்கூட அடுத்தவர் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். அப்படியே, "ஆனா நான் அதை ஒத்துக்கலை சார்" என்பதும் வந்துவிடும்.

இனி என்னை இன்னும் உறுத்தும் விஷயம். இயற்பியல் வகுப்பில் மேஜையிலிருந்து விழும் பந்தும் வெளியே மாமரத்திலிருந்து விழும் காயும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. என் வகுப்பில் அட்டை வைத்துக்கொண்டு கூவும் மாணவர்களும் மாட்டுத்தாவணி வியாபாரிகளும் அப்படியல்ல. அட்டைச் சந்தையில் குறைந்தபட்சக் கூலி போட்டால் வேலைவாய்ப்பு குறையும், ஒவ்வொரு முறையும் குறையும், ஏனென்றால் அட்டை எண்களை நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன். அதையே உலகத்தின் சாட்சி என்று மாணவர் எடுத்துக்கொண்டு போனால் அது ஏமாற்று வேலை.

அதனால் கூலிச் சுற்று முடிந்த கையோடு டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் செய்த ஆய்வைக் கொண்டுவருகிறேன். 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. பக்கத்தில் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததா, கூடியதா, அப்படியே இருந்ததா? அட்டை காட்டுங்கள். சற்று முன்தான் தங்கள் கண்ணால் பார்த்ததால் எல்லோரும் குறைந்தது என்பார்கள். குறையவில்லை. 1994 இல் வெளிவந்த இந்த முடிவைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை; கார்டுக்கு 2021 இல் நோபல் கிடைத்ததற்கு இந்த வழியிலான ஆய்வுகளே காரணம். நம் அட்டைச் சந்தையில் இல்லாத எது அங்கே இருந்தது என்று கேட்டால், ஒரே ஊரில் வேலை தருபவர்கள் நாலைந்து பேர்தான் என்றால் கூலியை அவர்களே முடிவு செய்வார்களே என்று யாராவது கேட்பார்கள். செங்கல் சூளையிலோ மில்லிலோ வேலை பார்த்தவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டைச் சந்தைக்கும் முடிவில் இதே கேள்வியை வைக்கிறேன்: இதில் இல்லாதது, நிஜச் சந்தையில் இருப்பது எது? மல்லிகைக்கு வந்த பதில்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. மதியத்துக்குள் விற்காவிட்டால் பூ வாடிவிடும், எனவே விற்பவரால் அடுத்த சுற்று வரை காத்திருக்க முடியாது. மிஞ்சியது சென்ட் ஃபேக்டரிக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி சொன்னதுதான் கனமானது: தோட்டக்காரர்கள் கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அந்தக் கடன் தீரும்வரை வேறு கடைக்குப் பூவைக் கொண்டுபோக முடியாது. "எங்க வீட்ல விலை கேக்கவே மாட்டாங்க சார், சீட்டுல எழுதி வர்றதுதான் விலை."

அடுத்த வாரமே விற்பவர் அட்டைகளில் சிலவற்றின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி உள்ளவர் ஒரு குறிப்பிட்ட வாங்குபவருக்கு மட்டுமே விற்கலாம். மற்றவர்களின் விலை வழக்கம்போல 60 ஐ நெருங்கியது. புள்ளிக்காரர்களின் விலை அடக்க விலைக்கு ஒன்றிரண்டு ரூபாய் மேலே நின்றதோடு சரி. எத்தனை சுற்று ஓடினாலும் ஏறவில்லை. புள்ளி வாங்கிய பையன்கள் மூன்றாவது சுற்றில் கூவுவதையே நிறுத்திவிட்டார்கள். இந்தச் சுற்றுக்குப் பல்கலைக்கழக வினாத்தாளில் கேள்வி வராது. இன்டர்னலில் ஐந்து மார்க்குக்கு நானே வைத்திருக்கிறேன்.